பூஜை நாளில் கடைந்த சக்கரங்கள்

தம்பி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். நாலாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். உனக்குத்தான் மனப்பாடம் ஆகிவிட்டதே, நீயே சொல்லிக்கொள் என்றேன். இருவரும் சிரித்தோம். அதற்குக் கீழே இருந்ததை மட்டும் நான் வாசிக்கவில்லை. காதுகுத்துக்கு வரும்போது உன் பழைய நடைவண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாய். தங்காக்கிலிருந்து காதர் மாமாவும் வரவேண்டும் என்று அவருக்குத் தனியாக எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தாய். "அவருக்கு நீங்கள் செய்த உதவியை என் பிள்ளைக்கும் சொல்லி வளர்ப்பேன்" என்று முடித்திருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அம்மா கூப்பிட்டாள். கண்ணில் தூசி என்றேன்.

நான் காதர் பாய்க்கு எந்த உதவியும் செய்யவில்லை. உன் கல்யாணத்தன்று அவர் சபையில் எழுந்து நின்று சொன்னாரே, அது அவர் நம்பிக்கொண்டிருந்த கதை. அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டவன் நான். உண்மையில் நடந்தது வேறு. இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நல்ல வார்த்தையாகத் தேடி எழுதினால் என்மேல் உனக்கு இரக்கம் வந்துவிடும்போல் இருந்தது. இரக்கம் வேண்டாம். நீ என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது போய்விடுமே என்ற பயத்தில்தான் இருபத்துநாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது.

ஜப்பான்காரன் வந்த பெரிய சண்டைக்கு முந்திய காலம் அது. சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே தள்ளி இருந்த தோட்டத்தில் ரப்பர் ஸ்டோரில் எனக்கு ஃபிட்டர் வேலை. பால் உறைந்த பிறகு அதைத் தகடாக நசுக்கும் உருளை மிஷின்கள் அங்கே ஓடும். அவற்றை ஓட்டும் எஞ்சினுக்குக் காதர் பாய் பொறுப்பு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். நானும் அவரும் ஒரே வயசு என்றாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஸ்டோரின் ஒரு மூலையில் லேத்து ஒன்று இருந்தது. இரும்பு கடைகிற லேத்து, காலால் மிதித்து ஓட்டுவது. தேய்ந்துபோன உருளைத் தண்டு, ஆணி, புஷ்ஷு எல்லாம் அதில்தான் கடைவேன். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். என்ஜினியர் துரை அதை என்னிடம் ஒப்படைத்த அன்றே ஒரு சட்டம் போட்டார். இதில் மரம் ஏறக்கூடாது. இரும்புத்தூள் கனமானது, சுருண்டு கீழே விழும், பெருக்கி அள்ளிவிடலாம். மரத்தூள் மாவு மாதிரி பறக்கும். எண்ணெய் இருக்கிற இடமெல்லாம் போய் ஒட்டி, எண்ணெயைக் குடித்துவிட்டுக் களியாகிவிடும். துரை சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, தொழில் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

உனக்கு அப்போது இரண்டு வயசு முடிந்திருந்தது. நீ நடக்கவில்லை. காய்ச்சல் வந்து போனதிலிருந்து கால் இரண்டும் துவண்டு கிடந்தன. நாம் குடியிருந்த லயத்தில் உனக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா தண்ணீருக்குப் போனால், பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு உன் காலைப் பார்ப்பார்களாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எண்ணெய் கொடுத்தார். பிடித்துக்கொண்டு நடக்க ஏதாவது செய்து கொடு, கால் தானாக வலுவாகும் என்றார். பாசார்க் கடைத்தெருவில் சீனத் தச்சர் ஒருவர் இருந்தார். நடைவண்டி என்று கையால் படம் போட்டுக் காட்டியிருந்தால் அரைநாளில் செய்து கொடுத்திருப்பார். நான் அவரிடம் போகவில்லை. லேத்துக்காரன் பிள்ளைக்கு வேறொருவன் சக்கரம் கடைந்து கொடுப்பதா என்று ஒரு வீம்பு. தம்பி, பின்னால் வந்ததற்கெல்லாம் பெரிய காரணம் தேடாதே. இந்த வீம்புதான் காரணம்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆயுத பூஜை வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். எஞ்சின், உருளை, லேத்து, சம்மட்டி, அரம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிட்டால் மறுநாள் காலை வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. அம்மன் அதில் உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். நான் யோசித்தேன். அம்மன் உட்கார்ந்திருக்கிற நாளில் அந்த லேத்தில் கடைந்த சக்கரம் என்றால் என் பிள்ளையை நடக்க வைக்காதா? தொடக்கூடாது என்ற வழக்கத்தையே தொடுவதற்குக் காரணமாக்கிக்கொண்டேன். மற்ற நாளில் ஸ்டோரில் ஆள் இருக்கும், அன்றைக்கு இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. சாமியை முன்னால் நிறுத்திக்கொண்டு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ எந்தத் தப்பு செய்தாலும் செய், சாமியைத் துணைக்குக் கூப்பிடாதே. அந்தத் தப்பிலிருந்து திரும்பி வரவே முடியாது.

அந்த வருஷம் பூஜை வெள்ளிக்கிழமையில் வந்தது. துரை பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காகக் காதர் பாய் மட்டும் காலையில் வந்து எஞ்சினை ஓட்டினார். மாலை கலையாமல் ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டியதை நானே பார்த்தேன். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஸ்டோரைப் பூட்டிவிட்டு, ஜும்மா தொழுகைக்குப் பக்கத்து மலாய்க் கம்பத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல். ஸ்டோருக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். ஊரே கோயிலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போனேன்.

பங்களாப் படிக்கட்டிலிருந்து கழற்றிப் போட்ட மெர்பாவ் மரக்கட்டை ஒன்றை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். லேத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாலையைக் கழற்றினேன். இரும்புக்கு உள்ள கத்தியை வைத்துப் பார்த்தால் மரம் நார் நாராகக் கிழிந்தது. அதனால் கத்தி மாட்டுகிற கட்டையைக் கழற்றிவிட்டு, குறுக்கே ஒரு இரும்புப் பட்டையைக் கட்டி, தேய்ந்த அரம் ஒன்றை உளியாகத் தீட்டி, கையாலேயே பிடித்துக் கடைந்தேன். மிதிக்க மிதிக்கச் செம்பழுப்புத் தூள் முகத்தில் அடித்தது. பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. இரும்பு பிடிவாதக்காரன், மரம் சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்று சக்கரமும் கைப்பிடிக்கு ஒரு உருளையும் கடைந்து முடித்தேன். பிறகு தூளையெல்லாம் பெருக்கினேன். லேத்தைத் துணி போட்டு அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். துடைத்ததில் குங்குமம் அழிந்துவிட்டது. அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்திலிருந்து சந்தனம் எடுத்து, குங்குமம் எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே பொட்டு வைத்தேன். மாலையை மறுபடி போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

லேத்தின் தலைப்பக்கத்தில் ஒரு தண்டு சுழலும். அது வெண்கலப் புஷ்ஷுக்குள் இருக்கும். அதற்கு எண்ணெய் விட மேலே சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை, மூடி கிடையாது. துடைத்தபோது அந்தத் துளைக்குள் நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஒரு உருளைத் தண்டு அவசரமாகக் கடைய வேண்டி வந்தது. அரைமணி மிதித்திருப்பேன். லேத்தின் தண்டு சூடேறி, ஒரு அலறல் அலறி, அப்படியே பிடித்துக்கொண்டது. எண்ணெய் கருகிய வாடை வரும் என்று எதிர்பார்த்தேன். மரம் கருகிய வாடை வந்தது. அந்த நிமிஷத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

துரை லேத்தின் தலைப்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே செம்பழுப்புக் களி. விரலால் வழித்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். தண்டு கீறல் விழுந்து பாழாகியிருந்தது, லேத்தைச் சிங்கப்பூருக்குத்தான் அனுப்ப வேண்டும். யாரோ வேண்டுமென்றே துளையில் மரத்தூளைத் திணித்திருக்கிறான் என்றார். லேத்தில் யாரோ மரம் கடைந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாவி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கணக்கெழுதும் கிராணியும் உடன் இருந்தார், நம்மவர்தான்.

"வெள்ளிக்கெழம நீ எங்க இருந்தான்?" என்று துரை தோட்டத்துத் தமிழில் காதர் பாயைக் கேட்டார்.

"தண்ணி ஏத்திட்டு ஜும்மாவுக்குப் போயிட்டேங்க தொர. பூட்டிட்டுத்தான் போனேன்."

கிராணி நடுவில் புகுந்தார். "பூஜை அன்னிக்கு ஸ்டோருக்குள்ள போன ஒரே ஆளு இவருதான் தொர. போன மாசம் பெருநாளைக்கு லீவு கேட்டு நீங்க கொடுக்கல. அந்தக் கோவம். நம்ம ஆளுங்க யாரும் பூஜை போட்ட மிஷின்ல கை வைக்கமாட்டாங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "நீ? நீ வந்தானா?"

நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன். "பூஜை அன்னிக்கு நாங்க மிஷினத் தொடமாட்டோம் தொர." அவ்வளவுதான் சொன்னேன். நான் தொடவில்லை என்று சொல்லவில்லை. நாங்கள் தொடமாட்டோம் என்று சொன்னேன். ஊரின் வழக்கத்தை எடுத்து என் வாய்க்கு முன்னால் திரையாகக் கட்டினேன். பொய் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அதைவிடக் கேவலமான பொய் இல்லை.

காதர் பாய் அப்போது என்ன சொன்னார் தெரியுமா? "ஆமாங்க தொர. அண்ணன் தொடமாட்டாரு. அவரப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார். தன் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் எனக்குச் சாட்சி சொன்னார்.

அவரைப் போலீசுக்கு அனுப்புவதாகத் துரை சொன்னார். "போலீஸ் வேணாம் தொர, புள்ளகுட்டிக்காரரு, வேலைய விட்டு அனுப்பினாப் போதும்" என்றேன். அதைத்தான் அவர் உன் கல்யாணத்தில் சொன்னார். எல்லாரும் தன்னைக் கைவிட்ட அன்றைக்கு வாய் திறந்து பேசியவர் இவர் ஒருவர்தான் என்றார். போலீஸ் வந்து விசாரித்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்றுதான் தம்பி அன்றைக்கு வாய் திறந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் எந்தெந்த இடம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயந்திரமே அவர் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நம் லயத்து வாசலில் வண்டியை நிறுத்தி, உன் கன்னத்தைக் கிள்ளி, "நடந்துருவாம்ணே, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் நடைவண்டியைப் பூட்டி முடித்தேன். மாசம் ஒன்றுக்குள் நீ அதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாய். அம்மா அழுதாள், அம்மன் காப்பாற்றினாள் என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். "சொல்லிடுங்க. சொன்னா நம்மளையும் அனுப்பிடுவாங்க. அனுப்பட்டும்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசாத நாட்கள் நிறைய இருந்தன, நீ சின்னப் பிள்ளை, கவனித்திருக்கமாட்டாய். அவளைக் குறை நினைக்காதே. இந்த விஷயத்தில் அவள் நாணயம் என்னிடம் இல்லை.

பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமலிருந்தேன். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், நான் விசாரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் உன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தங்காக் போனேன். நல்ல துணி அங்கேதான் கிடைக்கும் என்றார்கள். கடைக்குள் நுழைந்ததும் முக்காலியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தாடி நரைத்திருந்தது. "அண்ணே, பையன் நடந்துட்டானா?" என்றுதான் முதலில் கேட்டார். கல்யாணமே ஆகப்போகிறது என்றேன். வேலை போன பிறகு எந்தத் தோட்டத்திலும் அவரை எஞ்சினுக்கு எடுக்கவில்லையாம். மிஷினைக் கெடுத்தவன் என்று பேர் பரவிவிட்டது. துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக விற்று, கடைசியில் ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு லாரி போனது. பேச்சை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்து, "வால்வு தட்டுது, ரொம்ப தூரம் போகாது" என்றார். கையில் புடவையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் லாரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாங்கிக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டேன். அவர் நன்றி சொன்னபோது, அதெல்லாம் எதுக்கு பாய் என்று பெரிய மனுஷனைப்போலச் சிரித்தேன். கல்யாணத்துக்கும் கூப்பிட்டேன். லேத்துத் தப்பை வீம்பால் செய்தேன், ஆபீஸ் தப்பைப் பயத்தால் செய்தேன், இதை எதனால் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மரியாதை ருசியாக இருந்தது என்று நினைக்கிறேன். சபையில் நீ என்னைப் பார்த்த பார்வையும் ருசியாக இருந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் யோங் பெங் போய் பஸ் மாறித் தங்காக் போனேன். இந்த அப்பன் செய்ததை நீ உன் பிள்ளைக்குப் புண்ணியக் கதையாகச் சொல்லப்போகிறாய் என்றதும்தான் எனக்குப் புத்தி வந்தது, இருபத்துநாலு வருஷம் கழித்து. கடையில் அவர் ஒரு பெண்ணுக்குச் சீட்டித்துணி அளந்துகொண்டிருந்தார். அவள் போகும் வரை நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கட்டை, எண்ணெய்த் துளை, திரும்ப வைத்த குங்குமம், போலீஸ் வேண்டாம் என்றது, எல்லாம். அவர் அளவுகோலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இருவத்தி நாலு வருஷமா ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்க பேரச் சொல்லி துவா கேட்டிருக்கேன்" என்றார். "ஒங்க பேரு, ஒங்க புள்ள பேரு. புள்ளைக்குக் கேட்டது இருக்கட்டும். ஒங்களுக்குக் கேட்டத நான் எப்படித் திருப்பி வாங்குறது?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத இப்பக் கேக்காதீங்க. இன்னிக்கு வாயில வந்தா அது மனசுலேருந்து வராது." அளந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "தம்பி காதுகுத்துக்குக் கூப்பிட்டிருக்கு. சின்னப் புள்ளயில அது நடக்கலேன்னு நானும் கவலப்பட்டவன். நான் போவேன். நீங்க அங்க இருக்கக்கூடாது" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

நான் சரி என்றேன். அவர் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான்.

நீ அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாய். என்றைக்காவது ஒருத்தன்மேல் பழி வந்து நிற்கும்போது, நம்ம ஆள் இதைச் செய்யமாட்டான் என்று ஒரு பேச்சு எழும். அதை நம்பிவிடாதே. நம்ம ஆள் செய்வான். சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே செய்வான். அவனைக் கூப்பிட்டு, நீ செய்தாயா என்று நேராகக் கேள். நாங்கள் செய்யமாட்டோம் என்று அவன் பதில் சொன்னால், மறுபடியும் கேள். அன்றைக்கு என்னை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மை சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அம்மா வருவாள். நீ எழுதியிருந்ததை மீதியையும் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். தங்காக் போய் வந்ததையும் சொன்னேன். அன்று ராத்திரி எனக்குத் தட்டில் சோறு போடும்போது இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டாள். அப்படிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. நடைவண்டியை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிள்ளைக்கு அது வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அடுப்பில் வைத்துவிடு, நான் வருத்தப்படமாட்டேன். நல்ல மரம், நன்றாக எரியும்.

காதர் மாமாவை முன்வரிசையில் உட்கார வை. நான் சொன்னேன் என்று சொல்லாதே, நீயாகச் செய். பிள்ளையை அவர் மடியில் கொடு. தாத்தா எங்கே என்று சபையில் நிச்சயம் யாராவது கேட்பார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா